கண்ணீர் அஞ்சலிப் பலகையில் ஒரு சொல்

போடிநாயக்கனூரில் என்னை எவரும் வாத்தியார் என்று அழைத்ததில்லை; பேராசிரியர் என்றே அழைத்தனர். கல்லூரித் தாவரவியல் துறைக்குத் தலைமை வகித்து ஓய்வு பெற்றவன் நான். ஏலத்தோட்டக்காரர்கள் நோயுற்ற செடியை என்னிடம் காட்டிய பிறகே மருந்தடித்தனர். என் வீட்டைப் பற்றித் தவறான சொல் ஒன்றும் ஊரில் உலவியதில்லை.

என் ஒரே மகள் பருத்தியை ஆராய்ந்தாள். பருத்தி இழை ஒவ்வொன்றும் விதைத்தோலிலிருந்து நீளும் ஒற்றைச் செல். ஒரு மரபணு எங்கே, எப்போது விழிக்க வேண்டும் என்பதை அதற்கு முன்னுள்ள சிறு பகுதி தீர்மானிக்கிறது. அதன் பெயர் புரமோட்டர். இழையில் மட்டும் வேலை செய்யும் புரமோட்டர் ஒன்றைத் தேடிய அவள், நீலநிறம் காட்டும் மரபணுவை அதனுடன் இணைத்துச் சோதித்தாள். இலையும் தண்டும் நிறம் மாறாதிருக்க, இழை மட்டும் நீலமான அன்று என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். அழுதுகொண்டே சொன்னாள்.

உறவினர் வீட்டுக் காதுகுத்தில், காலஞ்சென்ற என் மனைவியின் அண்ணன் அவளைக் கேட்டார்:

“என்ன ஆத்தா, இப்ப என்ன சோலி பாக்குற?”

“புரமோட்டர் சோலி மாமா.”

“அடி ஆத்தி! பிளாட்டு போடுறியா? எங்கிட்டு?”

“பருத்திக்குள்ள மாமா. ஒங்களுக்குன்னா கார்னர் பிளாட்டு.”

பந்தியே சிரித்தது. அவர் மட்டும், “கெழக்குப் பாத்த வாசல்தானே?” என்று கேட்டார்.

சென்ற மாசியில், போடிமெட்டுச் சரிவில் ஒரு தோட்டத் தொழிலாளி வீட்டருகே பழுப்பு இழை தரும் மரப்பருத்தி நிற்பதாக அறிந்து, காய் பறித்துவர ஜீப்பில் சென்றாள். திரும்பும்போது கொண்டை ஊசி வளைவில் ஜீப் கவிழ்ந்தது. அவளுடைய பையை என்னிடம் கொடுத்தார்கள். காய்கள் நசுங்காமல் இருந்தன.

மறுநாள் பேருந்து நிலையத்துக்கு எதிரே கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் நின்றது. அவள் பெயருக்குக் கீழே ‘புரமோட்டர்’ என்ற ஒரே சொல். படத்துக்குப் பின்னால், எல்லைக்கல் நட்ட மனைகள்.

“நான்தான் மாப்ளே வைக்கச் சொன்னேன்,” என்றார் மைத்துனர். “புள்ள என்ன தொழில் பாத்துச்சுன்னு நாலு பேருக்குத் தெரியணும்ல?” சொல்லி முடிக்குமுன் என் தோளில் சாய்ந்து தேம்பினார். அந்தப் பலகையைக் கழற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலில் நின்று, “மெட்டுல எடம் பாக்கப் போன எடத்துல முடிஞ்சுபோச்சாம்,” என்று பேசிக்கொண்டனர். ஊர் இன்றும் அதையே சொல்கிறது.

அது தவறு. என் மகள் நிலம் பார்க்கப் போகவில்லை. பருத்திக்காய் பறிக்கப் போனாள்.