சித்தப்பாவின் ‘இல்ல’

என் சித்தப்பா எதைப் பேசினாலும் ‘இல்ல’ என்றுதான் ஆரம்பிப்பார். குழம்பு எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டால், “இல்ல அண்ணி, நல்லாருக்குது” என்பார். வெளியே தூறலா என்று கேட்டால், “இல்ல, பெய்யுது” என்பார். இதனால் யாருக்கும் பெரிய கஷ்டம் வந்ததில்லை. ‘இல்ல’ என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்போதுதான் கஷ்டம். பாதி நேரம் அவர் அப்படித்தான் மூடிக்கொள்வார். அவருடைய ‘ஆமா’ அதைவிட மோசம். “இந்த வாரம் ஒடஞ்ச ஓட்ட மாத்திடுறியாடா?” என்று அப்பா கேட்டு, அவர் “ஆமாண்ணா, ஆமா” என்று சொல்லிவிட்டால், அந்த மழைக்காலம் முழுக்க வீடு ஒழுகும்.

அப்பாவும் சித்தப்பாவும் மரக்காணம் உப்பளத்தில் கொஞ்சம் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். உப்பு ஏற்ற வரும் லாரிக்காரர்கள் சித்தப்பாவிடம்தான் பேசியாக வேண்டும். “ஏம்பா, இன்னிக்கு லோடு ஏறாதா?” என்பார்கள். “இல்ல” என்பார் இவர். ஏறாது என்கிறாரா, ஏன் ஏறாது என்கிறாரா? லாரிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வரப்பில் நிற்கும் என் பக்கம் திரும்புவார்.

“பாப்பா, உங்க சித்தப்பா என்னாதான் சொல்றாரு?”

நான் சித்தப்பாவின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, “ஏறும். சாயங்காலம் வாங்க” என்பேன். சித்தப்பா தலையாட்டுவார். இழுத்துச் சொன்ன ‘இல்ல’ என்றால் அவருக்குச் சம்மதம். வெடுக்கென்று வந்தால் முடியாது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னால் அவருக்கே இன்னும் தெரியவில்லை. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவர் தோளிலேயே வளர்ந்ததால் வந்த படிப்பு. ஒன்பது வயதில் எனக்கு இருந்த ஒரே பதவி அதுதான். அதற்குச் சம்பளமாக, வேலை முடிந்து சாயங்காலம் பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்து, உப்பளத்தின் ஓரமாகவே கடற்கரை வரை ஒரு சுற்று கூட்டிப் போவார்.

அந்த வருஷம் அவருக்குக் கல்யாணம் ஆனது.

சித்தி திண்டிவனம் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்பு பாண்டிச்சேரியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். அந்தக் கடையில் ‘இல்ல’ என்ற வார்த்தைக்கே இடம் கிடையாதாம். வந்த புதிதில் ஒரு நாள் சாப்பிடும்போது அதை நடித்தே காட்டினார். “ரோஸ் கலர்ல இருக்கான்னு கேப்பாங்கக்கா. இல்லன்னு சொன்னோம்னா மேனேஜர் கொன்னுடுவாரு. ‘இந்த மெரூன் பாருங்க மேடம், உங்களுக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்குது’ன்னு எடுத்து விரிச்சிடணும்.” அம்மா சிரித்தார். அப்பாவுக்குப் புரையேறியது. சித்தப்பா சத்தம் போட்டுச் சிரித்தார். அவருக்குச் சத்தமாகச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எத்தனை வேடிக்கை காட்டியிருக்கிறேன் நான்! எனக்கு ஒரு புன்னகைதான் கிடைத்திருக்கிறது. நான் சிரிக்காமல் அப்பளத்தைத் தூள் தூளாக நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

பைக் சவாரி முதல் வாரத்திலேயே போய்விட்டது. சாயங்காலம் சித்தி தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்காருவார். டேங்க் மேல் இடம் காலியாகத்தான் இருக்கும். நான் வாசலில் போய் நிற்பேன். சித்தப்பா என் கன்னத்தைத் தட்டி, “ஆமா பாப்பா, நாளைக்கு உன்னயும் கூட்டிட்டுப் போறேன்” என்பார். வேறு எந்தக் குழந்தையாக இருந்தாலும் அந்த ‘ஆமா’வை நம்பித் தூங்கப் போயிருக்கும். எனக்குத்தான் அதன் அர்த்தம் தெரியுமே. தெருமுனையில் பைக் திரும்பி மறையும் வரை பொறுத்திருந்து, அப்புறம் அழுவேன்.

ஒரே ஒரு ஆறுதல், சித்திக்கு அவர் பேசுவது புரியவில்லை என்பதுதான். எதற்கெடுத்தாலும் என்னிடம் வருவார். “பாப்பா, தோச ஊத்தட்டான்னு கேட்டேன். இல்லன்னாரு. ஊத்தட்டுமா வேணாமா?” நான் உடனே சொல்லமாட்டேன். கையில் இருக்கும் வேலையை முடிப்பேன். வேலை இல்லாவிட்டால் ஒன்றை உண்டாக்கி முடிப்பேன். “எப்படிச் சொன்னாரு? இழுத்தா, வெடுக்குனா?” என்று விசாரிப்பேன். சித்தி ஒழுங்காக இழுத்துக் காட்டுவார். “அப்ப ஊத்துங்க” என்று உத்தரவு கொடுப்பேன். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் வீடு மறுபடியும் என் கைக்கு வந்துவிடும். பிறகு தோசையை அவர்தான் கொண்டுபோய் வைப்பார், சித்தப்பா அவரைத்தான் நிமிர்ந்து பார்ப்பார், எனக்கு வயிறு எரியும்.

சித்திரையில் யாரும் எதிர்பார்க்காத மழை ஒன்று கொட்டியது. பாத்தியில் விளைந்து நின்ற உப்பெல்லாம் ஒரே ராத்திரியில் கரைந்து தண்ணீராகப் போயிற்று. வரப்பில் குவித்து வைத்திருந்ததில் தார்ப்பாய் எட்டாத பக்கமெல்லாம் அரித்துக்கொண்டு போனது. அப்பா வானத்தைத் திட்டித் தீர்த்துவிட்டு மறுபடி வேலையைப் பார்க்கப் போனார். சித்தப்பாவுக்குத் திட்டத் தெரியாது. அவர் பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார், சுவரைப் பார்த்தபடி படுத்தார். சாயங்காலச் சவாரியும் நின்றது. யாருக்கும் கிடைக்காத சவாரி எனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை.

அப்படியே சில நாள் போன பிறகு ஒரு காலையில், பின்பக்கம் குழாயடியில் அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது சித்தி துண்டோடு போய் நின்றார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏங்க, நான் வந்த நேரம்தான் மழன்னு யாராச்சும் ஏதாவது சொன்னாங்களா? என்னய உங்களுக்குப் புடிக்கலையா?”

சித்தப்பா முகத்தைத் துடைத்தார். “இல்ல” என்றார். இழுக்கவும் இல்லை, வெடுக்கென்றும் இல்லை. துண்டைக் கொடியில் போட்டுவிட்டு உப்பளத்துக்குப் போய்விட்டார்.

சித்தி என் பக்கம் திரும்பினார். வழக்கமான கேள்வியைக் கேட்கவே இல்லை, பார்த்தார், அவ்வளவுதான். நான் வாயில் நுரையோடு யோசித்தேன். இல்ல, அப்படியெல்லாம் இல்ல. அல்லது, இல்ல, புடிக்கல. இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின. எனக்கு இரண்டாவது கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது. ஆனாலும் என் தொழிலில் எனக்கு ஒரு கௌரவம் இருந்தது. “தெரியல சித்தி” என்றேன்.

மத்தியானம் சித்தி பையில் துணிகளை வைத்துக்கொண்டு, “அக்கா, ஊருக்குப் போய்ட்டு வரேன்” என்றார். எப்போது வருவாய் என்று அம்மா கேட்கும்போதே படியிறங்கிவிட்டார். அம்மா என்னை அவர் கூடவே அனுப்பிவிட்டு சித்தப்பாவுக்குப் போன் போட்டார். நான் சித்தியின் பையில் ஒரு பக்கக் காதைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லியும் நான் விடவில்லை. அவ்வளவு ஆசையாக அந்தப் பையை வழியனுப்பப் போனேன். சித்திக்குக் கண் சிவந்திருந்தது. எனக்கோ மனசுக்குள் பைக் ஓடிக்கொண்டிருந்தது.

திண்டிவனம் பஸ்ஸுக்கு நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அனுமந்தையிலிருந்து மீன் கூடையோடு வந்த ஒரு அம்மா நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் போய் நின்ற கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவின் பைக் வந்து நின்றது. வேட்டியை மடித்துக் கட்டியபடியே வந்திருந்தார். முழங்கால் வரை சேறு காய்ந்து உப்புப் பூத்திருந்தது. காலில் செருப்பு இல்லை. நான் ஒரு தரம் காய்ச்சலில் விழுந்தபோதுகூட அவர் செருப்பு மாட்டிக்கொண்டுதான் வந்தார்.

“இல்ல…” என்று ஆரம்பித்தார்.

“எது இல்ல?” என்றார் சித்தி. “காலைலேருந்து கேக்குறேன். முழுசா சொல்லுங்க.”

சித்தப்பா சுற்றிலும் இருந்தவர்களைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உதவிக்குக் கூப்பிடுகிறார் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. நான் பையின் காதை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

“இல்ல, புடிக்கலன்னு இல்ல” என்றார்.

“அப்படின்னா?”

“புடிக்காமல்லாம் இல்ல.”

மீன்கார அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சத்தம் போட்டார். “அடப்பாவி, புடிச்சிருக்குதுன்னு சொல்ல வாயி வலிக்குதா உனக்கு?”

சித்தப்பாவுக்குக் காது வரை சிவந்துபோனது. “இல்ல” என்றார் அந்த அம்மாவிடம். இழுத்துச் சொன்ன ‘இல்ல’.

சித்திக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் பஸ் வந்து நின்றது. எல்லாரும் ஏறினார்கள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, “என்னாம்மா, ஏறலையா?” என்றார். சித்தப்பாவும் சித்தியும் ஒரே நேரத்தில், ஒரே குரலில், “இல்ல” என்றார்கள். சித்தி தன் சொந்தப் பதிலாக அந்த வார்த்தையைச் சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

“இல்லன்னா? ஏறுறீங்களா, மாட்டீங்களா?”

எனக்கு நாக்கின் நுனியில் பதில் இருந்தது. ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்ட மீன்கார அம்மா முந்திக்கொண்டார். “அவ வரமாட்டா. நீ விசில் குடுப்பா.”

என் வேலையையும் அப்படி ஒருத்தர் தட்டிக்கொண்டு போனார்.

திரும்பும்போது டேங்க் மேல் சித்தியின் பை உட்கார்ந்திருந்தது. என்னை இருவருக்கும் நடுவில் செருகிக்கொண்டார்கள். முன்னால் சேற்று வாடை, பின்னால் கண்ணீரும் பவுடரும் கலந்த வாடை. வழியெல்லாம் சித்தி என்னவோ கேட்டார், சித்தப்பா ‘இல்ல’ என்றார். அவர் மறுபடி கேட்டார், இவர் மறுபடியும் ‘இல்ல’ என்றார். அப்புறம் இருவரும் சிரித்தார்கள். என் தலைக்கு மேலேயே நடந்த அந்தப் பேச்சில் ஒரு ‘இல்ல’கூட எனக்குப் புரியவில்லை. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. இனி இந்த வீட்டில் என்னிடம் அர்த்தம் கேட்க யாரும் வரப்போவதில்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை நான் ஜடைக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தபோது சித்தி வந்து என் எதிரில் நின்றார்.

“பாப்பா, உங்க சித்தப்பாவ டீ வேணுமான்னு கேட்டேன். இல்லன்னுட்டாரு. குடுக்கணுமா, வேணாமா?”

நான் ரிப்பனை மெதுவாகக் கட்டி முடித்தேன். இழுத்துச் சொன்னாரா என்று விசாரித்தேன். இழுத்துத்தான் சொன்னாராம். “அப்ப வேணும்னு அர்த்தம்” என்றேன்.

“நல்ல வேள, நீ இருக்க” என்று சொல்லிவிட்டு சித்தி நகர்ந்தார். நான் இன்னொரு ஜடைக்கு ரிப்பனை எடுத்தேன். சித்தப்பாவின் எவர்சில்வர் டம்ளர் சித்தியின் கையில்தான் இருந்தது. அதில் டீயை ஆற்றி, நுரை பொங்க ஊற்றி, புடவைத் தலைப்பால் பிடித்தபடிதான் என்னிடம் வந்து கேட்டிருந்தார்.