தேயாத தகடுகள்

அந்தத் தகடுகளைப் புளி போட்டுத் தேய்த்தவன் நான்தான். வேறு யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மலைமேல் எங்கள் ஆலத்தூர் நாட்டில் விளையும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கெல்லாம் லாரியில் கொண்டை ஊசி வளைவு இறங்கி, அடிவாரத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லுக்குத்தான் போகும். கிழங்கு அரைத்த கழிவுத் தண்ணீர் இரண்டே நாளில் புளித்து நாறும். அதைச் சுத்தம் பண்ண மில்லில் ஒரு தொட்டி கட்டினார்கள். உள்ளே வரிசையாக அலுமினியத் தகடுகள். கரண்ட் விட்டால் தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அழுக்கெல்லாம் அதோடு திரண்டு நுரையாக மேலே வரும். அதை வழித்தெடுப்பது என் வேலை. மலையிலிருந்து இறங்கி வந்தவனுக்கு ஆப்பரேட்டர் என்று ஒரு பெயர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் வாரமே முதலாளி சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டார். "ஆபீசர் வர்ற அன்னிக்குப் போட்டாப் போதும். கரண்டு என்ன சும்மாவா வருது?"

மற்ற நாளெல்லாம் கழிவுத் தண்ணீர் தொட்டிக்குள் போகாமல் பக்கத்துக் குழாய் வழியாக நேராக ஓடைக்குப் போனது. ஓடைக்கு அந்தப் பக்கம் என் அக்கா குத்தகைக்குப் பிடித்திருந்த தோட்டமும் கிணறும். சும்மா கிடந்த தகடுகளை நான் வாராவாரம் தேய்த்துப் பளபளவென்று வைத்தேன். வெட்கங்கெட்ட பிழைப்பு.

ஒரு வருஷத்தில் அக்கா கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகி நாற ஆரம்பித்தது. அதிகாரி சோதனைக்கு வந்த அன்று, அதை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு மில்லுக்கே வந்துவிட்டாள். தொட்டி அன்று ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி ஒரு தகட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"அடேயப்பா, புதுசாட்டமே வெச்சிருக்கியேப்பா!" என்று என் தோளைத் தட்டினார்.

வேலை செய்த தகடாக இருந்தால் ஒரு வருஷத்தில் அரித்துப் பொத்தலாகியிருக்க வேண்டாமா? அது அவருக்குத் தெரியாதா, தெரிந்துதான் கேட்கவில்லையா? நாசமாய்ப் போக.

"தெனமும் ஓடுதா?" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள்.

"ஓடுதுங்க" என்றேன்.

"அப்பறம் என்னம்மா? உங்க கெணத்துல வேற ஏதாச்சும் கோளாறா இருக்கும்" என்று அவளிடம் சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார். அக்கா பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவள் திட்டவில்லை. ஊர்க் குழாயிலிருந்து சுமந்து வந்த குடிதண்ணீர் குடத்தில் நிறைய இருந்தது. அவள் அதைத் தொடாமல் கிணற்றுக்குப் போய்ச் சேந்தி, ஒரு சொம்பில் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடி சாமி. மிசினுதான் தெனமும் ஓடுதே."

வாங்கிக் குடித்தேன். அவள் தடுக்கவில்லை.