உண்டு கொழுத்த குடுவை

குடுவையக்கா என்றால்தான் தொழிற்சாலையில் தெரியும். பதினாறு வருடமாகக் குடுவையில் பாக்டீரியா வளர்த்துப் பெரிய தொட்டிக்கு அனுப்புகிறவள். மனித மரபணு ஒன்றை உள்ளே வைத்த பாக்டீரியா. அது இன்சுலின் செய்யும். சும்மா செய்துவிடாது. கூடவே ஆன்டிபயாடிக் ஊற்ற வேண்டும், மரபணுவைச் சுமப்பவை மட்டும்தான் அதில் பிழைக்கும். ஊற்றாவிட்டால் சுமையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தின்று கொழுக்கும். "எங்க வீட்டுக்காரர் மாதிரி" என்பாள்.

அன்று மதியத்துக்குள்ளேயே குடுவை பாலாய்க் கலங்கி நின்றது. மேலாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"இது ரெக்கார்டு, அக்கா! இன்னைக்கே தொட்டியில ஏத்திடலாம்."

இவ்வளவு வேகமாக வளரக்கூடாதே என்று அக்கா குளிர்பெட்டியைத் திறந்தாள். ஆன்டிபயாடிக் மருந்துக் குப்பி மூடி உடையாமல் இருந்தது. ஆனால் வேலைப் பதிவுத் தாளில் 'மருந்து ஊற்றியது' என்பதற்கு நேரே அவள் போட்ட டிக் இருந்தது. கையுறையோடு பேனாவைத் தொடக்கூடாது என்பதால் முதலில் டிக், பிறகு வேலை. அங்கே எல்லோருக்கும் அதுதான் பழக்கம்.

"சார், மருந்து ஊத்த மறந்துட்டேன். இத ஏத்தினா தொட்டி சும்மா நுரைக்கும், இன்சுலின் வராது. ஒரு வாரம் போயிடும். ஆஸ்பத்திரில காத்துக்கிட்டிருக்காங்க. இத அழிச்சிட்டு இன்னைக்கே புதுசா போடுறேன்."

மேலாளர் கதவைச் சாத்தினார்.

"நாளைக்குக் கம்பெனிப் பெரியவங்க பார்க்க வர்றாங்க. காலித் தொட்டியக் காட்டவா? தாள்ல டிக் இருக்குல்ல, விடுங்க. அடுத்த மாசம் உங்களுக்கு மேற்பார்வையாளர் பதவி. வாயக் கொடுத்துக் கெடுத்துக்காதீங்க."

பதவி வேண்டாம் என்று யார் சொன்னது? பதினாறு வருட ஆசை. ஆனாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு செய்தவள் அவள். அதை மூடி மறைக்க இவர் யார்?

நேரே போய்க் குடுவையைக் கிருமி கொல்லும் நீராவிப் பெட்டியில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். தாளில் டிக்கின் மேல் ஒரு கோடு இழுத்து, 'ஊற்றவில்லை. நான்தான் மறந்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மேலாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "யாரக் கேட்டு செஞ்சீங்க?"

"நான் வளர்த்தது சார். நானே கொன்னேன்."

பதவி வேறு ஒருவருக்குப் போயிற்று. அழுதாள், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு ராத்திரி முழுக்க அழுதாள்.

இப்போதும் குடுவையோடுதான் இருக்கிறாள். மருந்தை ஊற்றி, கையுறையைக் கழற்றி, கை கழுவித் துடைத்து, அப்புறம்தான் டிக். பக்கத்து மேசைக்காரர்களும் அப்படியே செய்யத் தொடங்கிவிட்டார்கள். வேலை தாமதமாகிறது. மேலாளர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார்.

"நல்லா பாருங்க சார்" என்கிறாள் அக்கா, கையை இன்னும் நிதானமாகத் துடைத்தபடி.