கித்தான் கட்டிய மாப்பிள்ளை

1964 ஜனவரி 26, ஞாயிறு, காலை ஐந்து நாற்பது. வானத்தில் எட்டில் மூன்று பங்கு மேகம், வடகிழக்கிலிருந்து மெல்லிய காற்று, மழை இல்லை. அன்று எனக்குக் கல்யாணம்.

வானிலை அலுவலகத்தில் பருவமழைக் கணிப்பு என் வேலை. ஒரு மாதத்து மழை வழக்கத்தைவிடக் கூடுமா, குறையுமா என்று சொல்வேன். ஒரு குறிப்பிட்ட நாளைப் பற்றி எனக்கும் ஊராரைப் போலவே ஒன்றும் தெரியாது. இதை மாமனாரிடம் ஆறு முறை விளக்கினேன். சிராங்கூன் சாலையில் மளிகைக் கடை வைத்திருந்தவர் அவர். பெண் பார்க்கப் போன அன்று, இந்தத் தையில் மழை குறைவு என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு, கடையின் பின்சந்தில் போட்ட விருந்துப் பந்தலுக்கு மழை மறைக்கும் கித்தானே வேண்டாம் என்றுவிட்டார். மேலே வெறும் வண்ணக் காகிதம்.

"மாசக் கணக்கு வேற, நாள் கணக்கு வேற மாமா. கித்தான் கட்டிடுங்க."

"மாப்பிள்ளை வாயால சொல்லிட்டீங்க. அதுக்கு மேல கட்டினா உங்களை நம்பலன்னு ஆயிடும்லா."

முன்னூற்றுப் பத்துப் பேருக்கு இலை. சாம்பாரில் மழை விழுந்தால் என் பெயர் என்ன ஆகும்? நானே கித்தானை வாடகைக்குப் பேசினேன். ஆறு மணிக்கு லாரி வந்தது. நான்கு பேர் கட்டினார்கள். மாமனார் வெளியே வந்து மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

ஒரு துளிகூடப் பெய்யவில்லை. கித்தானுக்கு அடியில் எல்லோரும் வியர்த்து வழிந்தபடி ரசம் குடித்தார்கள். மூன்றாம் பந்தியில் கடைக் கணக்கர் பக்கத்து இலைக்காரரிடம், "அவர் சொன்னதை அவரே நம்பல, நாம பொண்ணைக் கொடுத்துட்டோம்" என்றார். மாமனார் காதிலும் விழுந்தது.

"நான் நம்பினேன் மாப்பிள்ளை" என்றார் மெதுவாக. அதன் பிறகு இரண்டு வருஷம் என்னிடம் அரிசி விலை பேசினார், அரசியல் பேசினார். வானத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

தன் இரண்டாவது பெண்ணுக்கு நாள் குறித்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு கிளி ஜோசியரிடம் போனார். கிளி சீட்டு எடுத்தது. தலைக்கு மேல் மறைப்பு இல்லாமல் சுபகாரியம் கூடாது என்றார் ஜோசியர். மாமனார் மறுபேச்சில்லாமல் கித்தான் கட்டினார். கல்யாணத்தன்று மழை கொட்டித் தீர்த்தது.

"பார்த்தீங்களா, ஒரே பேச்சு. நீங்களும் அப்படிச் சொல்லிப் பழகணும்" என்றார், கரிசனமாகத்தான்.

என் கல்யாணத்துக்கு நான் கட்டிய கித்தானின் வாடகை பதினெட்டு வெள்ளி, லாரிக்கு ஆறு, கட்டியவர்களுக்கு நான்கு. மாமனாரிடம் சில்லறை இல்லாததால் கிளிக்கு நான் கொடுத்த ஐம்பது காசையும் சேர்த்தால், மொத்தம் இருபத்தெட்டு வெள்ளி ஐம்பது காசு.