பேட்டரியைத் தின்ற வயர்லெஸ்

நான் ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேசக் கூசுவேன். எழுத அந்தக் கூச்சம் இல்லை.

மலையூரான வடகவுஞ்சியில் நாங்கள் வேலை பார்க்கும் பேரிக்காய்த் தோட்ட முதலாளியின் மருமகன், சர்க்கார் அனுமதி வாங்கிப் பிக்கப் வேனிலும் பங்களாவிலும் வயர்லெஸ் மாட்டினார். வேன் கூரையில் ஓட்டை போட்டு, ஆள் உயர ஏரியல் கம்பி வேறு. அன்று பகல் முழுக்க எஞ்சினை நிறுத்திவிட்டு, பங்களாவில் இருந்த மனைவியிடம், "என்ன குழம்பு? ஓவர்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கைதட்டினாலே கேட்கிற தூரம்!

சாயங்காலம் என் மகளுக்குப் பிரசவ வலி. "பிள்ளை குறுக்கே கெடக்கு, வெரசா ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்றாள் மருத்துவச்சி. வேனில் ஏற்றினோம். வேன் கிளம்பவில்லை. முதலாளி மருமகன் பகலெல்லாம் பேசியே பேட்டரியைத் தீர்த்திருந்தார். இறக்கத்தில் உருட்டிக் கிளப்பவும் வழியில்லை. மேட்டைப் பார்த்து நிறுத்தினால்தான் சத்தம் தெளிவாம், அப்படியே நிறுத்தியிருந்தார். மகள் உள்ளே துடிக்கிறாள். இந்த மகா புத்திசாலி மைக்கைப் பிடித்து, "ஹலோ, ஹலோ" என்று கத்துகிறார்.

"அதுக்கும் அதே பேட்டரிதானுங்க" என்றார் டிரைவர்.

"ஐயா, ஓவருங்க! எறங்கித் தள்ளுங்க" என்றாள் மருத்துவச்சி.

எல்லாரும் தள்ளி, வேனைத் திருப்பி, இறக்கத்தில் உருட்டிக் கிளப்பினோம். ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது தெய்வச் செயல். முதலாளி மருமகனோ இன்னும் உயரமான கம்பி வாங்க மதுரைக்குப் போயிருக்கிறார்.

இப்போதெல்லாம் மேட்டைப் பார்த்து நிற்கும் வண்டியில் நான் ஏறுவதில்லை. "திருப்பி நிறுத்துங்க, ஏறுறேன்" என்று மட்டும் எவர் முன்னாலும் கூசாமல் சொல்லிவிடுகிறேன்.