மாலை போட்ட நாட்களில் இளைப்பு இல்லை

என் மகளுக்கு மூன்று வயதில் இளைப்பு வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் போல் ஒரு சத்தம். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்கும். நான் நில அளவைப் பிரிவில் வரைவாளர். அளக்காமல் எதையும் நம்பாதவன். ஆகவே ஒவ்வொரு தடவையும் டைரியில் குறித்தேன்: தொடங்கிய நேரம், அடங்கிய நேரம், முந்தின நாள் அவள் சாப்பிட்டது, காற்று எந்தத் திசை.

குழந்தைகள் டாக்டர், புகை ஆகாது என்றார். வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பதுண்டா என்று கேட்டார். குழந்தைக்கு எதிரில் பிடிப்பதில்லை என்றேன். அது துல்லியமான பதில். நான் பிடிப்பது முன்னறை ஜன்னலோரம். அங்கிருந்து அவள் பாய்க்குப் பதினோரு அடி, நடுவே ஒரு துணித்திரை. அளந்திருக்கிறேன். புகை ஜன்னல் வழியாக முழுதும் வெளியே போகாது, திரையிலும் சட்டையிலும் தங்கும், சின்னக் குழந்தையின் நுரையீரல் அதைத் தாங்காது என்று அவர் விளக்கினார். அதையும் அன்றைக்கே டைரியில் எழுதி அடிக்கோடிட்டேன்.

பிறகு வீட்டிலிருந்து புகையை ஒழித்தேன். சாம்பிராணி, ஊதுபத்தி நின்றன. கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை வந்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ் கொல்லைப்புறம் போனது. மழை நாட்களில் என் மனைவி குடை பிடித்துக்கொண்டு பால் காய்ச்சினாள். பக்கத்து வீட்டு அம்மா வேப்பஞ்சருகு கொளுத்தியபோது நேரில் போய்க் கண்டித்தேன். அப்போது என் கையில் சிகரெட் இருந்ததாக மனைவி பின்னர் சொன்னாள். டைரியில் அந்த விவரம் இல்லை.

இளைப்பு நிற்கவில்லை. அந்த வருஷம் கார்த்திகை முதல் தேதி, மகளுக்காக வேண்டிக்கொண்டு சபரிமலைக்கு மாலை போட்டேன். மாலை போட்டால் செருப்பில்லை, சவரமில்லை, சிகரெட்டும் இல்லை. அதே மாதம் ஊரில் தீபத் திருவிழா. தெருவெல்லாம் கற்பூரம், மலை உச்சியில் தீபக் கொப்பரை எரிந்தது, வெளியூர் பஸ்கள் ஊரையே மூட்டம் போட்டன. மகள் ஒரு நாள்கூட இளைக்கவில்லை. சபரிமலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றினேன். அன்றே ஜன்னலுக்குத் திரும்பினேன். ஒன்பதாம் நாள் அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம்.

விரதத்தில் ஏதோ குறை என்று முடிவு செய்தேன். அடுத்த வருஷம் வெறுந்தரையில் படுத்தேன், ஒரே வேளை சாப்பிட்டேன். குழந்தை நன்றாக இருந்தாள். கழற்றினேன், இளைத்தாள். மூன்றாம் வருஷம் மலைக்குப் போய் வந்து, மாலையைக் கழற்ற உட்கார்ந்தபோது மனைவி எதிரில் வந்து நின்றாள்.

"சாமி, மாலைய கழட்டாதீங்க. மாசி வரைக்கும் இருக்கட்டும்."

அவளுக்கு இவ்வளவு பக்தி வந்துவிட்டதே என்று நெகிழ்ந்தேன். எல்லாம் ஐயப்பன் அருள், கழற்றினாலும் அவர் பார்த்துக்கொள்வார் என்றேன்.

"அவரு நம்ம வீட்ல இன்னா பண்றாருன்னு தெரியுமா? உங்க கையில இருக்கிற சிகரெட்ட புடுங்கி வெச்சிக்கறாரு. அவ்ளோதான். மீதியெல்லாம் புள்ள தானே மூச்சு விட்டுக்குது."

அவள் கூற்றைத் தவறென்று நிரூபிக்க மூன்று வருஷ டைரிகளையும் எடுத்து வைத்தேன். விரதம் இருந்த நாட்களுக்கு எதிரே இளைப்பு என்ற சொல் ஒரு தடவைகூட இல்லை. மற்ற மாதங்களில் பக்கத்துக்குப் பக்கம் என் அழகான கையெழுத்தில் இருந்தது. வாழைப்பழத்தைச் சந்தேகித்திருக்கிறேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த வேர்க்கடலையைச் சந்தேகித்திருக்கிறேன். வடகிழக்குக் காற்றை இரண்டு தடவை.

மாலையைக் கழற்றினேன். இனி சிகரெட் இல்லை என்று அதே டைரியில் எழுதினேன். அது நான்கு நாள் செல்லுபடியானது. அடுத்த வாரம் மகளுக்கு மூச்சு முட்டியது. தூக்கித் தோளில் சாய்த்தேன். அந்த நிலையிலும் அவள் என் சட்டையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மாவை நோக்கிக் கை நீட்டினாள்.

டாக்டரிடமிருந்து திரும்பியதும் நேராகக் குருசாமி வீட்டுக்குப் போனேன். மாலை போட்டுவிடச் சொன்னேன். மாசி பிறந்துவிட்டிருந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சீசன் முடிஞ்சிபோச்சே சாமி. இப்ப எந்த மலைக்கு?"

"மலைக்கு இல்ல சாமி. வீட்டுக்கு."

பதினான்கு மாதம் அதை அணிந்திருந்தேன். சித்திரை வெயிலில் வெறுங்காலோடு அலுவலகம் போனேன். என் பக்தி ஊரில் பரவியது. அதிகாரி என்னைக் கண்டால் எழுந்து நின்றார். பக்கத்து வீட்டு அம்மா பழைய சண்டையை மறந்து, பேரனை அழைத்து வந்து என்னிடம் விபூதி வாங்கினார். இந்த வீட்டில் சாமி குடியிருக்கிறார் என்று மனைவியிடம் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆமாங்க்கா," என்றாள் மனைவி. "முன்னெல்லாம் ஜன்னலாண்ட நின்னுகினு இருந்தாரு."

அந்தப் பதினான்கு மாதத்தில் மகளுக்கு இளைப்பு இரண்டு முறை வந்தது. இரண்டும் சளியோடு, இரண்டும் லேசாக. திரையைத் துவைத்தோம். மூன்று அலசலுக்குத் தண்ணீர் பழுப்பாகவே வந்தது. அதற்கும் ஒரு பதிவு இருக்கிறது.

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள், மாடிப்படி ஓடி ஏறுகிறாள். தன் இளைப்பை ஐயப்பன் தீர்த்ததாகவே தோழிகளிடம் சொல்கிறாள். நான் திருத்தவில்லை. மாலையைக் கழற்றிய பிறகு நான் ஜன்னலுக்குத் திரும்பவில்லை. அது அலமாரியில் என் சட்டைகளுக்கு மேல் தொங்குகிறது. பூஜை அறையில் வைக்கலாமே என்று ஒரு முறை மனைவியிடம் சொன்னேன். அங்கேயே இருக்கட்டும், கைக்கு எட்டும் என்றாள்.