அசர் வாங்கும் கைருனின் குச்சியும்

கல்வராயன் மலையிலிருந்து ஒரு கரடி இறங்கி வந்து, ஊருக்கு வெளியே கரும்புத் தோட்டத்தில் மூன்று நாள் உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்றதே, அந்த வருஷம் நடந்தது இது. கரடி பார்க்கப் போனவர்களில் பாதிப் பேர் கரும்பு தின்றுவிட்டுத் திரும்பினார்கள். நானும் தின்றேன். பழியைக் கரடி மேல் போட்டோம். அது இருக்கட்டும்.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு சின்னப் பள்ளிவாசலுக்கு மோதினார். தொழுகைக்குக் கூப்பிட வாங்கு சொல்வது, தொழுமுன் கைகால் முகம் கழுவி ஒளு செய்யும் தொட்டிக்குத் தண்ணீர் இறைப்பது, சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது. இவ்வளவுதான் உத்தியோகம். எனக்கு எழுத்து தெரியாது. வாங்கைக் காதால் கேட்டுக் கற்றேன், கடிகாரத்தைக் கண்ணால் பார்த்துக் கற்றேன். அந்தக் கடிகாரத்தை என்னைத் தவிர யாரும் தொடமாட்டார்கள். வம்பே அங்கேதான் ஆரம்பம்.

பள்ளிக்கு எதிரே பாஷாவின் சைக்கிள் கடை, அதற்குப் பின்னாலேயே அவன் வீடு. சாயங்காலத்து அசர் தொழுகை முடிந்ததும் அவனும் நானும் கோடு கிழித்து ஆடுபுலி ஆட உட்காருவோம். அவன் ஆடு, நான் புலி. ஆட்டம் சூடு பிடிக்கும்போது சூரியன் இறங்கிவிடும், நான் மஃரிப் வாங்குக்கு ஓட வேண்டும். அதனால் தினமும் அசருக்கு முன் கடிகார முள்ளைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளுவேன். அப்புறம் யாரும் பார்க்காதபோது பழையபடி இழுத்துவிடுவேன். தொழுகை நடத்தும் ஹஜ்ரத்துக்குக் கண் மங்கல், கைக்கடிகாரமும் இல்லை. வாங்கு சொல்லிக் கால் மணி கழித்துத்தான் எல்லாரும் சேர்ந்து தொழும் ஜமாஅத் தொழுகை. அதற்குள் அசரின் நிஜமான நேரம் வந்துவிடும். யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

பாஷாவின் சம்சாரம் கைருன். மூன்றாவது பிள்ளை பிறந்து ஐந்து மாசம் ஆகியும் அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. மாமியார் அவளைத் தொழுகைப் பாய் பக்கமே விடவில்லை. ரமலான் வேறு நெருங்கிவிட்டது. ஒரு நாள் அவளே ஹஜ்ரத் வீட்டுக்கு வந்து, ஹஜ்ரத் வீட்டம்மாவோடு திரைக்குப் பின்னால் நின்று கேட்டாள். நான் அந்த வீட்டுக் கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். காதைப் பொத்திக்கொள்ளக் கை ஒழியவில்லை.

"முன்னெல்லாம் மாசத்துக்கு எத்தினி நாளும்மா இருக்கும்?" என்றார் ஹஜ்ரத்.

"ஆறு நாளுங்க ஹஜ்ரத்."

"அப்ப ஆறு நாளுதான் கணக்கு. அந்த ஆறு நாளு தொழாத. மத்ததெல்லாம் நோவு ரத்தம்மா, அது தொழுகையத் தடுக்காது. ஆறு நாளு முடிஞ்சதும் குளிச்சிடு. ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் சுத்தம் பண்ணிக்கினு, துணி கட்டிக்கினு, புதுசா ஒளு செஞ்சு தொழு. நோம்பும் வை."

"தொழுதுகினு இருக்கும்போதே வந்துட்டா?"

"வரட்டும். நீ பாட்டுக்குத் தொழு. விட்டதக் கொஞ்சம் கொஞ்சமா களா தொழுது முடி. ஆஸ்பத்திரிக்கும் போ, வெக்கப்படாத. ஆனா ஒண்ணு. ஒன்ன மாதிரி இருக்கறவங்க வக்து வர்றதுக்கு முன்னாடி ஒளு செஞ்சா, வக்து மாறும்போது அது முறிஞ்சிடும். வாங்கு கேட்டப்புறம் செய்."

திரைக்குப் பின்னால் கைருன் அழுதாளோ சிரித்தாளோ, இரண்டும் கலந்த ஒரு சத்தம் வந்தது. எனக்குக் கரண்டி கை நழுவி வாளியோடு போய்ச் சேர்ந்தது. ஊரிலேயே என் வாங்கை நம்பி ஒளு செய்யப் போகிறவள் அவள். என் அசர் வாங்கோ பத்து நிமிஷம் பொய்.

நாளையிலிருந்து திருந்திவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் மறுநாள் என் புலிகள் இரண்டு மாட்டிக்கொண்டிருந்தன. அதற்கு மறுநாளும் அப்படியே. நான்கு நாள் ஓடிவிட்டது.

ஐந்தாம் நாள் காலையில் பள்ளிக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். பின் கதவண்டை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கைருன் நின்றாள்.

"இன்னா மோதினாரு பாய், ஒங்க கடியாரத்துக்கு வயித்தால போவுதா? இப்பிடி ஓடுது?"

"கடியாரத்துக்கு இன்னாம்மா, நல்லாத்தான கீது."

"நான் தெனம் அப்பளம் காய வெக்கறவ. நெழல் எங்கிட்ட பொய் சொல்லாது. வாசல்ல குச்சி நட்டு, அசரு நெழல் வர்ற எடத்துல கோடு போட்டு வச்சிருக்கேன். நாலு நாளா அசரு நெழல் வர்றதுக்கு முன்னாடியே வாங்கு சொல்றீங்க. எங்க வூட்டுக்காரரோட ஆடுபுலி ஆட, எந் தொழுகைய வெட்டுக் குடுத்துட்டீங்களே!"

வாளி பாதிக் கிணற்றில் தொங்கியது. "ஹஜ்ரத் கிட்ட சொல்லிடாதம்மா, வேல போயிடும்."

"சொன்னா ஒங்க வேல போவும். சொல்லாட்டி எந் தொழுக போவும். அஞ்சி மாசம் கழிச்சு இப்பத்தான் பாயில நிக்கறேன் பாய். நாலு அசரு திருப்பித் தொழணும், அத நான் பாத்துக்கறேன். இனிமே முள்ளத் தொடாதீங்க. நெழல் கோட்டுக்கு வந்ததும் தாம்பாளத்த மூணு தட்டு தட்டுவேன். அப்புறம் வாயத் தெறந்தாப் போதும்."

அன்றிலிருந்து அசருக்கு நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தாம்பாளச் சத்தம் வரும், நான் வாங்கு சொல்லக் காதில் விரல் வைப்பேன். மேகம் மூடிய நாளில் மட்டும் கடிகாரம். மாமியார் கேட்டதற்குக் காக்கா ஓட்டுகிறேன் என்றாளாம். பாஷாதான் புலம்பினான். "இன்னா பாய், இப்பல்லாம் ஆட்டத்துக்கு டைமே இல்ல?"

"ஒன் வூட்டுல கேளு" என்றேன். கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவில்லை.

அந்த ரமலானில் ஹஜ்ரத் எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: "நம்ம மோதினாரு அசர் வாங்கு அச்சு மாதிரி கீதுப்பா." நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்தார்கள். ஊர் ஆண்கள் அத்தனை பேரும் கைருனின் குச்சி காட்டிய நேரத்துக்குத் தொழுதுகொண்டிருந்தது எனக்கும் அவளுக்கும் பாஷாவுக்கும்தான் தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து சாப்பிட்டு, ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் அவளுக்குக் குணமாகிவிட்டது. ஆனாலும் நான் அந்த வேலையில் இருந்தவரை தாம்பாளம் நிற்கவில்லை. "ஒங்கள நம்ப முடியாது பாய்" என்பாள்.

போன வருஷம் பார்த்தபோது, இதை வெளியே சொல்லட்டுமா என்று கேட்டேன். "எம் பேரப் போட்டே சொல்லுங்க. எத்தினி பேரு வெக்கப்பட்டுக்கினு தொழாம கெடக்கறாங்களோ" என்றாள். சொல்லிவிட்டேன். நீங்களும் உங்கள் வீட்டுப் பெண்களிடம் சொல்லுங்கள். அப்படியே வழியில் மோதினார் யாரையாவது பார்த்தால் இதையும் சொல்லுங்கள்: வாங்கு கேட்கட்டும் என்று கையில் சொம்போடு உள்ளே ஒருத்தி காத்துக்கொண்டிருப்பாள், முள்ளைத் தொடாதே என்று.